மூன்று மெயிலும் ஒரு பொய்யும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் சுகம். நீயும் சுகம்தான் என்று தெரியும், சிரித்துச் சிரித்துப் பொய் சொல்கிறவளுக்கு என்ன குறை. போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

செவ்வாய்க்கிழமை கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன், ஒரு பெண் கூப்பிட்டாள். நீ வேலை கேட்டிருந்த கட்டட வரைபட அலுவலகமாம், விண்ணப்பத்தில் என் எண்ணையும் கொடுத்திருந்தாயாம். "உங்க பொண்ணுக்கு மூணு மெயில் போட்டோம்மா, பதிலே இல்லை. இன்னைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர்லயே நேர்காணல், வருவாங்களா?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "குட்டிப்பிசாசுன்னு ஒரு முகவரி இருக்கு, அது அவங்களோடதுதானா?" என்று கேட்டாள். எனக்குத் தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. தம்பி உன்னைக் கேலியாகக் கூப்பிடுகிற பேரையா வேலை கேட்கிற இடத்தில் கொடுப்பாய்? உன் பேரிலேயே ஒரு முகவரி வைத்துக்கொள்ள என்ன கேடு? உடனே உன்னைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், தைக்கக் கொடுத்தவர் எதிரில் நின்று முறைக்கிறார், நீ எடுக்கவே இல்லை. நாளெல்லாம் அந்தப் போனைத் தடவிக்கொண்டே இருக்கிறாய், வேண்டிய நேரத்தில் மட்டும் அது ஊமையாகிவிடுகிறது.

நேர்காணல் நேரமெல்லாம் முடிந்தபிறகு ராத்திரி நீயே கூப்பிட்டாய். வேலை என்னாயிற்று என்றதற்கு, "அவங்க கூப்பிடவே இல்லைம்மா, முன்னாடியே யாரையோ முடிவு பண்ணிட்டாங்க போல" என்றாய். நாக்கு கூசவில்லையா? அதற்கு முன்பே மெயிலைத் திறந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் போனில் அழுதிருக்கிறாய், அவன் சொல்லிவிட்டான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. மெயிலைப் பார்க்காதது அலட்சியம், நாலு திட்டுத் திட்டி மறந்திருப்பேன். பொய்யை என்ன செய்வது? அப்பா வழக்கம்போல உனக்கு வக்கீல். "புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாமே" என்றார். அவரையும் ஒரு பிடி பிடித்தேன். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மகள் மெயிலைப் பார்க்கவில்லை, வேறு காரணம் எதுவும் இல்லை என்று சொன்னேன். அவள் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சும்மா. அடுத்த மாசம் இன்னொரு இடம் காலியாகுது. வேணும்னா அவங்களே எழுதட்டும், ஏன் வரலைங்கிறதையும் அவங்களே சொல்லட்டும்" என்றாள்.

இனியாவது காலையில் பல் துலக்கியதும், சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மெயிலைத் திற. விளம்பரக் குப்பையையெல்லாம் அழித்துத் தள்ளு, அதற்கு அடியில் கிடந்தால் வேலைக் கடிதம் எப்படிக் கண்ணில் படும். படிக்கும்போது போனை ஊமையாக்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் எண்ணுக்கு மட்டும் சத்தம் வரும்படி வை, அதற்கு வசதி இருக்கிறதாமே. வரைந்த படங்களை லேப்டாப்பில் மட்டும் வைக்காதே, வேறோர் இடத்திலும் நகல் இருக்கட்டும். வேலை போனால் போகட்டும், வேறு வரும். நீ சொன்னது நிஜமா என்று தம்பியிடம் விசாரிக்கிற நிலைக்கு மட்டும் என்னைக் கொண்டுவராதே.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பெண்ணுக்கு உள்ளதை உள்ளபடி எழுது. அவள் என்ன பதில் போட்டாலும் முதலில் என்னிடம் வந்து அழு, திட்டமாட்டேன்.

கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா