மாடிவீட்டுக் கவிஞருக்கு ஒரு கல்வெட்டு

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மாடிவீட்டு அக்கா,

நீங்கள் போனபின் தேம்ஸ் நதியே உறைந்து, அதன்மேல் பஸ் ஓடுகிறது என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில், நம் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் லேசான மழை. உங்கள் ஜன்னலில் வேறு யாரோ ஒருவரின் திரைச்சீலை.

அமெரிக்காவில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவர் நீங்கள். உங்கள் நாடு நடத்திய போரைப் பொறுக்காமல் வெளியேறினீர்கள். நாங்கள் எங்கள் நாட்டுப் போருக்குத் தப்பி வந்தோம். ஒரே படிக்கட்டில் சந்தித்தோம். என் மருமக்கள் கூப்பிடுவதைக் கேட்டு, வயதில் மூத்த நீங்களும் என்னை ‘மாமா’ என்றீர்கள்.

வாழ்நாளெல்லாம் எழுதியும் உங்கள் கவிதைப் புத்தகங்கள் மெலிந்தவை. சலவைக்கடையில் காத்திருக்கும் பெண், பஸ்ஸில் யாரோ கழற்றிவிட்ட ஒற்றைச் சப்பாத்து, இவைதான் பாடுபொருள். பக்கத்துக்கு ஏழெட்டு வரி. ‘இதை நான் தும்மும் நேரத்தில் எழுதிவிடுவேன்’ என்றேன். ‘அந்தத் தும்மலை மட்டும் எழுதுங்கள், மாமா’ என்றீர்கள்.

நானோ லண்டன் தமிழருக்கெல்லாம் கல்வெட்டுப் பாடும் மாபெரும் புலவன். யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு என்று கொடுக்கும் புகழ்ப்பாட்டுப் புத்தகம் என் கைவண்ணம்தான். மீன்கடை அண்ணை போனபோது அவரை வள்ளலாக்கி இமயத்தின்மேல் நிறுத்தினேன். அதை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். நீங்கள் கேட்டீர்கள்: ‘மீன் வெட்டும்போது பாடுவாரே, அந்த மனிதர் எங்கே?’ பிறகு மெதுவாக, ‘என்னைப் பற்றிப் பொய் எழுதமாட்டேன் என்று சொல்லுங்கள்.’ சொன்னேன்.

உங்களுக்கு உறவென்று யாரும் வரவில்லை. தகனத்துக்கு நாங்கள்தான் நின்றோம். ஆகவே அடுத்த கிழமை முப்பத்தோராம் நாளும் எங்கள் வீட்டில்தான். நேற்றுக் கல்வெட்டைத் தொடங்கினேன்: ‘அமெரிக்கா ஈன்ற அறிவுக்கடலே, ஏழுலகும் அழுதிட...’

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அந்த மனிசிக்கு இதையோ எழுதப்போறியள்?”

“ஏன், செத்த ஆளுக்கு இதுதானே மரியாதை?”

“ஏழுலகும் எங்கையப்பா அழுதது? தகனத்தண்டு பின்வரிசையிலை நீங்கள் ஒராள்தான் அழுதனீங்கள்.”

அறிவுக்கடலை வெட்டினேன். ஏழுலகையும் வெட்டினேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

தேநீர் ஊற்ற
இரண்டு கோப்பை எடுப்பார்,
யாரும் வராத நாளிலும்.

அக்கா, இது கவிதைதானா? இனி யாரிடம் கேட்பேன்?

‘மாமாவுக்குச் சரக்குத் தீர்ந்துபோச்சு’ என்று சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். அச்சில் இதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன்.

உங்களைவிட வயதில் இளைய
உங்கள் மாமா