செல்வத்தின் வலது கை

12 நவம்பர் 2009, வியாழன்

தகடு அழுத்தும் பிரஸ் மிஷினுக்குள் கை போனால் பஸ்ஸர் அலற வேண்டும். ஆடியிலேயே செய்ய நினைத்துத் தள்ளிப்போட்டேன். ஆவணியில் அந்த மிஷினை ஓட்டிய செல்வத்துக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

இன்றுதான் மைக்ரோகண்ட்ரோலர் மேல் கூடுதல் இணைப்புகளுக்கான எக்ஸ்பான்ஷன் போர்டைச் செருகி, சென்சாரையும் பஸ்ஸரையும் அதில் மாட்டி முடித்தேன். கையை நீட்டினேன், அலறியது.

சாயங்காலம் கெலமங்கலத்திலிருந்து செல்வம் வந்தான். "நான் வெச்சுப் பாக்கட்டாண்ணா?" என்று வலது கையை நீட்டினான். சத்தமே வரவில்லை. விரல்கள் இருந்த இடத்தின் வழியாகவே சென்சாரின் ஒளி தடையில்லாமல் கடந்து போய்விட்டது.

"வயர் லூசா இருக்கும்டா" என்றேன்.

"இல்லண்ணா, இல்லாத வெரல் அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றவன் இடது கையை நீட்டினான். அலறியது. "நல்லா வேல செய்யுதுண்ணா" என்று சந்தோஷப்பட்டான்.

முன்னாடியே செய்திருக்கக் கூடாதா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்நேரம் தூங்கியிருப்பேன்.