தண்ணி காட்டாத சுவர்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே கொளுத்தும் வெயில். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் கிளினிக் வரை பஸ்ஸில் நின்றபடி.

பல் மருத்துவ மேற்படிப்பு ஆய்வுக்கு வேண்டியவை: கையுறை, பிளேடு, பிடுங்கிய பற்கள் இன்னும் பத்து. பாட்டிலில் இருப்பதெல்லாம் கூலி ஆட்களின் பற்கள். பாதியைக் காப்பாற்றியிருக்கலாம். வேருக்குள் வைக்கும் அடைப்பு நன்றாக ஒட்ட வழி தேடுகிறேன். வேர் சிகிச்சையே கிடைக்காதவர்களின் பல்லை வைத்து. வெட்கக்கேடு.

மதியம் செல்வி. ஒலக்கூர், சித்தாள், என் வயதுதான். கலவைச் சட்டி இடித்து முன்பல் கறுத்து, வேரில் சீழ். வாயை மூடியே இருக்கும் புடவைத் தலைப்பு.

பெரிய டாக்டர், அவள் எதிரிலேயே: "வேர் சிகிச்சைக்கு மூணு தடவ வரணும். இவங்க வரமாட்டாங்கம்மா. புடுங்கி அனுப்பு."

"வர்றேன் மேடம். புடுங்காதீங்க."

வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்
கல்லூரியில் சோதனை. அடைத்த வேர்களைத் துண்டுகளாக அறுத்து, அடைப்பை இயந்திரத்தால் தள்ளினேன். எல்லாம் சுலபமாகக் கழன்றன. சாப்பிடவில்லை. அம்மா போன், எடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்
செல்வி வந்தாள். சீழ் குறைவு. மருந்து மாற்றினேன்.

"இன்னா மேடம், மூஞ்சி பேஜாரா கீது?"

சொன்னேன். புது அடைப்பு, சிமெண்ட் மாதிரிதான். ஒட்டவில்லை.

"பூசறதுக்கு முன்ன தண்ணி காட்னீங்களா?"

"இல்ல. நல்லா காயவெச்சிட்டுதான் அடைச்சேன்."

"காஞ்ச செவுரு கலவைல இருக்கிற தண்ணிய உறிஞ்சிக்கும். அப்புறம் பூச்சு எப்டி புடிக்கும்? மேஸ்திரி இல்லாமயே வேல பண்ணிக்கினு இருக்கீங்களா?"

வாயில் பஞ்சோடு சிரிப்பு. இந்த அடைப்பு இறுக ஈரம் வேண்டும் என்று நானே படித்திருக்கிறேன். கைக்குத்தான் பழைய வழக்கம், சொட்டு ஈரமில்லாமல் காயவைப்பது.

ஜூன் 26, வியாழன்
தூறல். லேசாக ஈரம் விட்டு அடைத்து, ஒரு வாரம் இறுகவிட்ட துண்டுகள். முதல் துண்டு அசையவில்லை. அழுத்தம் கூட்டினேன். அப்போதும் இல்லை. இரண்டு மட்டும் கழன்றன. இன்னும் நிறையச் செய்ய வேண்டும். ஆனாலும் கண் கலங்கியது.

ஜூன் 30, திங்கள்
மூன்றாம் தடவை. ஒரு நாள் கூலியை விட்டு வந்தாள். பெரிய டாக்டர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. ஈரம் காட்டி அடைத்தேன். எக்ஸ்ரேயில் வேர் நுனிவரை வெள்ளைக் கோடு.

"பத்து நாளு தண்ணி ஊத்தணுமா மேடம்?"

"வேணாம். அந்தப் பல்லால மல்லாட்டை ஓட்ட உடைக்காம இருங்க, போதும்."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவள் பெயரும் வரும் என்றேன். கண்ணாடியில் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு இன்னும் போகவில்லை.

"பேரு மட்டுமா? போட்டோவும் போடுங்க."

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பல் தெரிய நின்றாள்.