மாப்பிள்ளை எவடம்?

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்காமல் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றேன். "அப்பா, டொம் வெள்ளைக்காரன். ஆரிட்டப் போய் விசாரிக்கப்போறீங்கள்?" என்று கேட்டு, போனை வைத்துவிட்டாய்.

ஊரென்றால் சந்திக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்தால் போதும், குடும்பக் கதை முழுதும் வந்துவிடும். இங்கே மூன்று சனிக்கிழமை நூலகத்தில் இருந்தேன். தன் பூட்டனின் தகப்பன் பெயரை டொம்மே தந்தான், அவனைக் கோவிக்காதே.

1891ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் அந்த மனிதர் அகப்பட்டார். தொழிற்சாலைகள் பெருகிவந்த கானிங் டவுனில், சீனி ஆலைக் கூலி. ஒரே வீட்டில் பதினான்கு பேர். அவர் உட்படப் பாதிப்பேர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தெரு இப்போது இல்லை. பழைய வரைபடத்தில் அதன்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மனோர் பார்க்கில் ஒன்பது பேர் ஓரறையில், ஷிப்ட் பார்த்து மாறி மாறிப் படுத்தோம். உனக்கு நான் அதைச் சொன்னதில்லை.

பஸ்ஸில் வரும்போது நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. கதவைத் திறந்ததும் அம்மா கேட்டா: "என்ன, ஆராம் அவையள்?"

"எங்கட ஆக்கள்தான்" என்றேன்.

உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்க வரும்,
அப்பா