மதகு இல்லாத ஏரி

11.5.2003, ஞாயிறு

கிணறு வற்றியதிலிருந்து அப்பா சரியாகப் பேசுவதில்லை. மனசு மாறட்டும் என்று இன்று ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன்.

ஏரியைக் கண்டதும் முகம் தெளிந்தது. கரையோரமாகவே நடந்து எதையோ தேடினார். கடைசியில் படகுக்காரரிடம் கேட்டார்.

“மதகு எந்தப் பக்கங்க? தண்ணி எந்த ஊருக்குப் பாயுது?”

“பாசனமெல்லாம் கெடையாதுங்க. படகு வுடத்தான் ஏரி.”

அப்பா படகில் ஏறவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று நான் மட்டும் போய்ச் சுற்றிவிட்டு வந்தேன். அதை இப்போது நினைத்தால் என்னவோபோல் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில், “அம்புட்டுத் தண்ணியும் சும்மா கெடக்குதுடா” என்றார்.

சிறுவாச்சூர் தாண்டினால் ரோட்டோரம் எங்கள் ஏரி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அது வருவதற்குள் அப்பா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார். ஒரே புழுக்கம். நான் ஏற்றச் சொல்லவில்லை.