அக்காவை மட்டும் கேட்காமல் எழுதிய செய்தி

என் வாயாடி அக்காவுக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். ஏரி நிரம்பிவிட்டது. உன் தெருவுக்குக் குழாய்தான் இன்னும் வரவில்லை.

நேற்று உன் மகள் வசந்தா வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை காலையில் தெருப் பெண்கள் மறுபடியும் மெட்ராஸ் ரோட்டில் குடத்தோடு உட்காரப் போகிறார்களாம். வைத்த காப்பியைத் தொடாமலே, "மாமா, அன்னிக்கு நீங்க ஊர்ல இருக்க வேணாம். விழுப்புரம் போயிட்டு வாங்களேன்" என்றாள். தாய்மாமனிடம் இதைச் சொல்ல எவ்வளவு யோசித்திருப்பாள்? நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் தம்பி வேறு என்ன செய்வான்.

அவளுக்குப் பயம் போலீசிடம் இல்லை, அக்கா. என்னிடம்.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்குத் திண்டிவனம் செய்திகளை அனுப்பத் தொடங்கியபோது நீதான் முதலில் சிரித்தாய். "சட்னியில உப்பு கம்மின்னு சொல்லவே ரெண்டு தரப்பையும் விசாரிக்கிறவன், நீ என்னாடா நியூஸ் எழுதப் போற" என்றாய். எனக்கு அது பாராட்டாகவே பட்டது. செய்தி எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ மறியலுக்கு உட்கார்ந்த அன்று அந்த நம்பிக்கையை மிகவும் கவனமாகக் காப்பாற்றினேன். டீக்கடை நிழலில் நின்று, வரிசையாக நின்றுபோன பஸ்களைப் பார்த்தேன். டிரைவர்களைக் கேட்டேன், பயணிகளைக் கேட்டேன். வரிசையின் கடைசியில் பிரசவத்துக்குப் போகும் பெண்ணோடு ஒரு கார் நின்றது. அவள் மாமியாரைக் கேட்டேன். சைக்கிளில் போய் அதிகாரியையும் கேட்டேன். லாரியில் தண்ணீர் விடுகிறோமே என்றார். உன்னை மட்டும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவளைக் கேட்டு எழுதினால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும் என்று பயந்தேன்.

"பொதுமக்கள் அவதி" என்று எழுதினேன். வெயிலில் குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் பொதுமக்கள் இல்லையா? அந்த இடத்தில் என் பேனா தயங்கவே இல்லை. பிரசவப் பெண் வழியில்லாமல் தவித்தாள் என்று முடித்தேன்.

விழுப்புரத்துப் பத்திரிகை நண்பர்களோடு எனக்கு ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே ஏதாவது நடந்தால் அவர்களில் ஒருவர் பார்த்து எழுதுவார், இங்கே நடந்தால் நான். கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். பத்திரிகைகள் பல, பார்த்தவன் ஒருவன். மறியல் ஊருக்கு வடக்கே நடந்ததால் விழுப்புரம் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. கண்டக்டரைப் பிடிக்கும் அவசரத்தில் நான் கிளம்பிவிட்டேன்.

நான் போன பிறகு நீ எழுந்து, மற்றவர்களையும் எழுப்பி, குடங்களை ஓரமாக நகர்த்தி, அந்தக் காருக்கு முன்னால் நடந்தே போய் வழி விட்டிருக்கிறாய். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

எல்லாப் பேப்பரிலும் வந்தது என் செய்திதான். உன் மேல் மறியல் வழக்குப் போட்ட போலீசார் ஸ்டேஷனில் அவற்றை உன் முன்னால் போட்டு, இத்தனை பேப்பருமா பொய் சொல்லும், ஒன்று உங்கள் தம்பியே எழுதியதாமே என்று கேட்டார்களாம். சொந்த அக்கா என்றும் பாராமல் நடுநிலையோடு எழுதினீர்கள் என்று ஆசிரியரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதைப் படித்து மகிழ்ந்தேன் என்பதை உன்னிடம் எப்படி மறைப்பேன்?

பேப்பர் வந்த அன்று சாயங்காலமே நீ வந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, காருக்கு வழி விட்ட கதையைச் சொன்னாய். நான் யார் பக்கமும் சாயவில்லையே அக்கா என்றேன்.

"சாயல, சரி. எங்க நின்னுகினு பாத்த?"

"டீக்கடையில."

"அங்கேந்து பாத்தா பஸ்சு முதுகுதான்டா தெரியும். நான் எங்க தெரிவேன்?"

திருத்தம் எழுதி முடித்தேன். அக்காவுக்காகத் தம்பி எழுதுகிறான் என்பார்களே என்று தோன்றியது. என்னை நம்பிப் போட்ட விழுப்புரத்துக்காரர்களுக்கும் தலைகுனிவு. தாளை மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு வாய்தாவுக்கு வாய்தா நீ கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். நான் சைக்கிளை வேறு தெரு வழியாக விட்டேன். வழக்கு முடியும் முன்பே நீ கண்ணை மூடிவிட்டாய்.

குழாய் உன் வீட்டு வாசலில்தான் வரவேண்டும் என்று நீ அடம்பிடித்தது உண்மை. "பின்ன எவ வாசல்ல வைப்பாங்க" என்று என்னிடமே கேட்டாய். இவள் சுயநலக்காரி, இவள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று அதையே எனக்கு நான் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். தன் வாசலில் குழாய் கேட்டவள் என்பதால், அவள் காருக்கு வழி விட்டது நடக்காததாகிவிடுமா?

அக்கா, திங்கட்கிழமை நான் விழுப்புரம் போகப் போவதில்லை. டிரைவரைக் கேட்பேன், அதிகாரியைக் கேட்பேன். வசந்தாவையும் கேட்பேன், அவள் என் அக்கா மகள் என்பதையும், நான் எங்கே நின்று பார்த்தேன் என்பதையும் செய்தியிலேயே எழுதுவேன். ஆசிரியர் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும். கார்பன் வைக்க மாட்டேன். விழுப்புரத்து நண்பர்கள் வந்து தங்கள் கண்ணால் பார்க்கட்டும். அன்று மடித்து வைத்த திருத்தத்தை இந்தக் கடிதத்தோடு இன்றே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவார்களா, தெரியாது. போட்டால், அன்று ஸ்டேஷனில் உன் முன்னால் பேப்பரைப் போட்டவர்கள் இதையும் தங்களுக்குள் படித்துக்கொள்வார்கள்.

வசந்தா என்னைப் பக்கத்தில் நிற்க விடுவாளா என்பதும் தெரியவில்லை. விடாவிட்டால் தள்ளி, வெயிலிலேயே நிற்கிறேன். அங்கிருந்து குடங்கள் தெரிந்தால் போதும்.

பஸ்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்த,
உன் தம்பி