ஆறாவது பாடம்

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். என் போனிலேயே பார்த்தேன்.

வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காக ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து பாடங்களை வேறொரு நர்ஸ் நடத்தினாள். படுக்கைப் புண் பற்றிய ஆறாவது பாடத்தைத் திறந்தால், சீருடையில் நீ நிற்கிறாய். நீயே தயாரித்த பாடமாம்.

"எங்கப்பாவையே உதாரணமா சொல்றேன். வீட்டுல இருந்தவங்க அவரைத் திருப்பிப் படுக்க வைக்கல. புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு" என்றாய்.

வீட்டில் இருந்தவங்களா? அங்கே என்னைத் தவிர யாரடி இருந்தது?

நாலு மாதம் அப்பாவுக்கு ஊட்டினேன், துடைத்தேன், துணி மாற்றினேன். முதுகு சிவந்த அன்றே உனக்குப் போன் செய்தேன். "டியூட்டில இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்தவள், பிறகு பேசவே இல்லை. முன்பின் தெரியாத நாலாயிரம் பேருக்கு ஏழே நிமிடத்தில் எவ்வளவு அழகாக விளக்குகிறாய்! அதில் ஒரு நிமிடத்தை அன்றைக்கு எனக்குத் தந்திருந்தால் என்னடி குறைந்துபோயிருக்கும்?

பாடத்துக்குக் கீழே கேள்வி கேட்கும் இடத்தில் இதையெல்லாம் எழுதினேன். உன் பிழைப்பில் மண் போட மனமில்லாமல் அழித்துவிட்டேன். ஆனால் அந்த உதாரணத்தைப் பாடத்திலிருந்து நீ நீக்கியாக வேண்டும்.

தேர்வில் தேறி வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியாத ஒரு பெரியவரை, நீ சொன்னபடியே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறேன். அவர் முதுகில் சின்னச் சிவப்புகூட இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் அக்கா